ஆசிரியருக்கும் அயல் வேண்டும்

வயலில் பயிர் மஞ்சளிக்கத் தொடங்கினால் கமக்காரர் ஒருவர் முதலில் எங்கே போகிறார்? கமநல சேவை நிலையத்துக்குப் போவதில்லை. வரம்பால் நடந்து பக்கத்து வயற்காரரிடம் போகிறார். "அண்ணை, உங்கடை வயலிலையும் இப்பிடித்தானோ?" என்று கேட்கிறார். அவருக்குத் தெரிந்தால் சொல்வார். தெரியாவிட்டால், "வாய்க்கால் தலைப்பிலை செய்யிற பெரியவரைக் கேட்டுப் பாரும்" என்பார். இவ்வாறு கேட்கவும் சொல்லவும் பத்துப் பன்னிரண்டு பேர் ஒவ்வொரு கமக்காரருக்கும் இருப்பர். அவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பல போகங்களாகப் பழகி, ஒவ்வொருவரும் தமக்கெனத் தேடிக்கொண்ட சொத்து அது.

இடம்பெயர்ந்தவர்கள் இதை நன்கு அறிவார்கள். காணி, வீடு, கிணறு, மாடு என்று இழந்தவற்றை எழுதுவதற்குப் படிவங்களில் நிரல்கள் இருந்தன. கேட்பதற்கு ஆளில்லாமற் போனதை எழுத நிரல் இருக்கவில்லை. செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர் களிமண் வயலுக்கு வந்து நின்றபோது விதை கிடைத்திருக்கலாம், மண்வெட்டியும் கிடைத்திருக்கலாம். இந்த மண்ணுக்கு எப்போது தண்ணீர் கட்டுவது, எப்போது வடிப்பது என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு போகம் போய்விடும்.

நான் இங்கே பேச வந்தது கமத்தைப் பற்றியன்று. உங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்களைப் பற்றி. ஒரு சிறிய கிராமப் பாடசாலையை நினைத்துப் பாருங்கள். கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர். சில வேளை இரண்டுக்கும் ஒருவரே. பின்னக் கணக்குப் பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்றால் அவர் யாரிடம் கேட்பார்? ஓய்வறையில் பக்கத்தில் இருப்பவர் சங்கீத ஆசிரியர். ஆசிரிய ஆலோசகர் தவணைக்கு ஒருமுறை வந்தாலே பெரிய காரியம். செயலமர்வுக்குப் போனால் பகலுணவுக்கு முன் மூன்று விரிவுரை, பின்னர் ஒன்று. பக்கத்தில் இருந்தவரின் பெயரைக்கூடக் கேட்காமல் பஸ் பிடிக்க ஓடவேண்டியிருக்கிறது. இந்த ஆசிரியர் வரம்பில்லாத வயலில் தனியே நிற்பவர்.

ஆசிரியர் ஒருவர் தமக்கெனத் தேடி வைத்துக்கொள்ளும் அயலை மேலைநாட்டுக் கல்வியாளர் 'தனிப்பட்ட கற்றல் வலையமைப்பு' என்கின்றனர். பெயர் பெரிது, பொருள் நாம் வரம்பில் கண்டதுதான். அங்கும் ஆசிரியரின் தனிமை பெரிய குறையாகவே பேசப்பட்டு வந்தது. அதைப் போக்க அமெரிக்கா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளின் ஆசிரியர்கள் சிலர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு விநோதமான வழியைக் கையாண்டு வந்துள்ளனர். கணனிக்குள் ஓர் ஊரைக் கட்டி, அதற்குள் சந்தித்தனர். அந்த ஊர்களுக்கு என்ன நடந்தது என்பதை எமது பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருப்பது நல்லது. கண்ணில் மாட்டும் கருவிகளும் 'மெய்நிகர் வகுப்பறை' என்ற சொல்லும் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டன. அவை ஒரு நாள் எமது படலைக்கும் வரும்.

மெய்நிகர் உலகம் என்றால் என்ன? பல ஊர்களில் தத்தம் கணனிக்கு முன் இருப்பவர்கள், ஒரே இடத்தில் நிற்பதுபோல ஒருவரையொருவர் கண்டு பேசக்கூடியதாகக் கணனி உண்டாக்கிக் காட்டும் ஒரு வெளி அது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம் உண்டு. அவ்வுருவத்தை 'அவதார்' என்கின்றனர். எங்கள் பக்கத்துப் புராணச் சொல்லை எடுத்துச் சென்று வாலை நறுக்கி எமக்கே திருப்பித் தருகின்றனர், போகட்டும்.

முதலில் வந்த ஊர்களில் படமே இருக்கவில்லை. எல்லாம் எழுத்து. 1993இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் 'மீடியாமூ' என்ற எழுத்து உலகம் திறக்கப்பட்டது. உள்ளே நுழைந்தால், நீங்கள் ஓர் அறையில் நிற்கிறீர்கள், வடக்கே ஒரு கதவு இருக்கிறது, இன்னின்னார் இங்கே இருக்கிறார்கள் என்று திரையில் வரும். நீங்கள் தட்டெழுதுவது அறையில் இருப்போர் அனைவருக்கும் தெரியும். கணனியைக் கொண்டு எழுத்துப் பயிற்சி கற்பித்த ஆசிரியர்கள் செவ்வாய்க்கிழமை தோறும் இரவு அங்கே கூடினர். அதற்குச் 'செவ்வாய்க் கோப்பிக்கடை' என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தனர். கோப்பி இல்லை, கதிரை இல்லை. ஆயினும் செவ்வாய் இரவென்றால் அங்கே போனால் தம்மைப் போன்ற ஒருவரைக் காணலாம் என்ற நிச்சயம் இருந்தது. எங்கள் ஊர்களில் பின்னேரம் வாசிகசாலைப் பக்கம் போனால் இன்னாரைக் காணலாம் என்று நமக்கிருந்த நிச்சயம் போன்றது அது.

இதைப் பெரிய அளவில் செய்தது 1997இல் தொடங்கிய 'டப்ட் இன்'. கலிபோர்னியாவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. இன்ரநஷனல் என்ற ஆராய்ச்சி நிறுவனம் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிதியத்தின் உதவியுடன் அதைக் கட்டியது. பல மாடிகளும் அறைகளும் கொண்ட கல்விக்கூடமொன்றைப் போல அது அமைக்கப்பட்டிருந்தது. ஆசிரியர் குழுக்களுக்கு அங்கே தனித்தனி அறைகள் கொடுக்கப்பட்டன. பாடசாலை விட்ட பின் ஒரு மணிநேரக் கலந்துரையாடல்கள் குறித்த நாளில் குறித்த நேரத்தில் நடந்தன.

அதில் மூன்று ஏற்பாடுகள் என்னைக் கவர்ந்தன. புதிதாக நுழைபவர் முதலில் வரவேற்பறைக்கு வருவார். அங்கே ஒரு மனிதர் இருப்பார். நிறுவனத்தாரும் தொண்டர்களும் மாறி மாறி அந்த வேலையைச் செய்தனர். "எங்கேயிருந்து வருகிறீர்கள், என்ன பாடம் படிப்பிக்கிறீர்கள்?" என்று கேட்டு, உரிய அறையைக் காட்டிவிடுவர். புதிய ஊருக்கு வந்து எந்த ஒழுங்கையால் போவது என்று தெரியாமல் சந்தியில் நின்றவர்களுக்கு இதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. மற்றது, ஒருவர் வெளியேறியதும் அவர் அங்கிருந்த நேரத்தில் பேசப்பட்டதெல்லாம் எழுத்துப் பிரதியாக அவரது மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்தது. செயலமர்வில் குறிப்பெடுக்க மறந்து, வீட்டுக்கு வந்து தலையைச் சொறிபவர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்கள். மூன்றாவது, எல்லாம் பெரும்பாலும் எழுத்தாக இருந்தமையால் பழைய கணனியும் மெதுவான தொலைபேசி இணைப்பும் போதுமாயிருந்தன.

இவ்வளவும் செய்தவர்கள் தமது வேலையைத் தாமே கேள்வி கேட்கவும் தயங்கவில்லை. 2003இல் அவர்களில் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குதிரைக்கு முன்னால் வண்டியைப் பூட்டுகிறோமா என்பதே அதன் தலைப்பிலிருந்த கேள்வி. இணையத்தில் ஓர் இடத்தைக் கட்டிவிட்டால் ஆசிரியர் சமூகம் தானாக வந்து குடியேறும் என்று எதிர்பார்ப்பது தவறு. ஆசிரியர் நாளாந்தம் வேலை செய்யும் பாடசாலையிலும் அதன் வட்டாரத்திலும் ஏற்கெனவே உள்ள தொடர்புகளுக்குத்தான் கணனி துணைபோக வேண்டும் என்ற கருத்தை அவர்கள் முன்வைத்தனர். கட்டியவர்களே இப்படிச் சொல்வது அரிது. எமது பகுதிகளில் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் பொதுநோக்கு மண்டபங்களைக் கட்டியவர்களிடமிருந்து இப்படியொரு கட்டுரையை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதே 2003இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள லிண்டன் லாப் என்ற கம்பனி 'செக்கண்ட் லைஃப்' என்ற உலகைத் திறந்தது. இரண்டாம் வாழ்வு என்று பொருள். இங்கே எழுத்துக்குப் பதிலாக நிலமும் கடலும் வானமும் திரையில் தோன்றின. 2006, 2007ஆம் ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களும் ஆசிரியர் சங்கங்களும் அங்கே நிலம் எடுக்கத் தொடங்கின. ஹாவார்ட் சட்டக் கல்லூரி 2006இல் ஒரு பாடநெறியையே அங்கு நடத்தியது. கல்வித் தொழில்நுட்ப ஆசிரியர்களின் சர்வதேசச் சங்கமான 'இஸ்ரே' ஒரு தீவை எடுத்து, வருவோரை வரவேற்கத் தொண்டர்களை நிறுத்தியது. வேர்ஜீனியா மாநில ஆசிரியர் சங்கமொன்று திங்கள் இரவுகளில் தன் தீவில் கூட்டம் வைத்தது; எமக்கு அது செவ்வாய் விடியற்காலை, பால் கறக்கும் நேரம். அவுஸ்திரேலியாவில் 'ஜோக்கேடியா' என்ற பெயரில் ஆசிரியர் தீவுக் கூட்டமொன்று உருவாயிற்று. 2007 முதல் ஆண்டுதோறும் கல்வியாளர் மாநாடொன்றையும் அந்த உலகுக்குள்ளேயே நடத்தி வந்துள்ளனர். அதற்குப் போக விமானச் சீட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம்.

இதை எழுதுவதற்கு முன், நகரத்திலுள்ள நண்பர் ஒருவரின் கணனியில் நானும் அங்கே ஒருமுறை போய்ப் பார்த்தேன். முதற் சில நிமிடங்கள் நான் ஒரு புகைத்திரளாகவே நின்றேன். இணைப்பு மெதுவாக இருந்தால் உருவம் வந்துசேரச் சுணங்குமாம். பின்னர் உடம்பு வந்தது, தலைமயிர் வரவில்லை. நடக்கத் தெரியாமல் கடலுக்குள் இறங்கிவிட்டேன். நல்லவேளை, அங்கே மூழ்கிச் சாவதில்லை. கடலடியிலே நடந்து மறுகரை ஏறலாம். ஏறியதும் முன்பின் அறியாத ஒருவர் அருகில் வந்து, முதல் தடவையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த வயதான உடம்போடு கதிரையில் இருந்த எனக்கு, யாரோ உண்மையாகவே பக்கத்தில் வந்து நின்றதுபோல் இருந்ததை மறுக்க முடியாது.

இந்த உணர்வைத்தான் அந்த ஆசிரியர்கள் பெரிதாகச் சொன்னார்கள். அதில் உண்மை இருக்கிறது. செக்கண்ட் லைஃபில் நீங்கள் தட்டெழுதும் சாதாரணப் பேச்சு 20 மீற்றருக்குள் நிற்பவர்களுக்கே தெரியும். ஆகவே ஒருவரோடு கதைக்க வேண்டுமானால் கிட்டப் போகவேண்டும். இருவர் ஒரு மூலையில் பேசிக்கொண்டு நிற்பதை மூன்றாமவர் கண்டு, நெருங்கி, காது கொடுத்து, பின்னர் தாமும் ஒரு சொல் சேர்ப்பார். கடிதத்திலும் மின்னஞ்சலிலும் இது நடக்காது. அவற்றில் யாரைக் கேட்பது என்று முதலே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவரைத் தற்செயலாகச் சந்திப்பதற்கு ஓர் இடம் தேவைப்படுகிறது. கிணற்றடியும் சங்கக்கடை வரிசையும் அரிசி ஆலை வாசலும் எமக்குச் செய்து தந்த உதவி அதுவே. ஆசிரியர்கள் அங்கே ஒன்றாக உலாப் போனார்கள். ஒருவர் கட்டிய நூதனசாலையை மற்றவர்களுக்குக் காட்டினார்கள். இரவு நெருப்பைச் சுற்றி உட்காருவதுபோல் உட்கார்ந்து அன்றைய வகுப்பில் பிழைத்துப்போனதைச் சொன்னார்கள். பெரும்பாலும் வீட்டிலிருந்து, இரவில். ஏனெனில் பல பாடசாலைகளின் கணனிகளில் அந்த உலகுக்குப் போகும் வழி அடைக்கப்பட்டிருந்தது. திறந்திருந்தாலும் அந்தக் கணனிகளுக்கு அதை இழுக்கும் பலம் இல்லை.

இதுவரை சொன்னது நல்ல பக்கம். இனிக் காணி உறுதியைப் பார்ப்போம்.

அந்தத் தீவு ஆசிரியர்களுடையதன்று. ஒரு முழுத் தீவு 65,536 சதுர மீற்றர், எமது கணக்கில் ஏறக்குறைய 16 ஏக்கர். அதற்கு அந்நாளில் மாத வாடகை 295 டொலராக இருந்தது. கல்வி நிறுவனங்களுக்கு அதில் அரைவாசி கழித்துக் கொடுத்தார்கள். அந்தச் சலுகையை நம்பிப் பல பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் தீவுகளில் வருடக்கணக்காக வகுப்பறை, நூலகம், கலையரங்கம் என்று கட்டின. 2010 ஒக்டோபரில் கம்பனி ஓர் அறிவித்தல் விடுத்தது: 2011 ஜனவரி முதல் சலுகை இல்லை. பிள்ளைகளுக்கென 2005இல் திறந்திருந்த தனிப் பகுதியையும் அதே காலத்தில் மூடினார்கள். வரவுசெலவுத் திட்டம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்ட பாடசாலை மூன்று மாதத்தில் இரட்டை வாடகைக்கு எங்கே போகும்? பல நிறுவனங்கள் தீவுகளைக் கைவிட்டன. கைவிட்ட தீவு உலகப்படத்திலிருந்து மறைந்துவிடும். 2013இல் கம்பனி மனம்மாறிச் சலுகையை மீண்டும் கொடுத்தது. போனவர்களுக்கு அது பிந்திய மழை.

கட்டியதைப் பெயர்த்துக்கொண்டு போகலாமா? முழுவதும் தாமே செய்த பொருளை எடுக்க வழி இருந்தது. ஆனால் இன்னொருவர் செய்த கதவையோ மரத்தையோ கலையரங்கக் கதிரையையோ எடுக்க அனுமதியில்லை. கூட்டாகக் கட்டிய ஊரில் எது ஒருவருடையது மட்டும்? வீட்டின் வளையை எடுக்கலாம், ஓட்டை எடுக்கக்கூடாது என்பதுபோல.

இது ஒரு கம்பனியின் கதை மட்டுமன்று. கூகிள் 2008 யூலையில் 'லைவ்லி' என்ற உலகைத் திறந்து அதே ஆண்டு டிசெம்பர் முடிவில் மூடியது. ஒரு போகத்துக்குமேல் நிற்கவில்லை. 'ஆல்ட்ஸ்பேஸ்' என்பதை 2017இல் மைக்ரோசொப்ட் வாங்கியது. 2020 பெப்ரவரியில் பல நாட்டுக் கல்வியாளர் அதற்குள் கூடிப் பெரிய மாநாடு நடத்தினர். 2023 மார்ச் 10ஆம் திகதி அது மூடப்பட்டது. மொசில்லா நிறுவனம் 2018இல் தொடங்கிய 'ஹப்ஸ்' 2024 மே 31உடன் நிறுத்தப்பட்டது. 'டப்ட் இன்' பதினாறு ஆண்டுகள் நின்று 2013இல் முடிந்தது. இவற்றை மூடியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒருவருக்கு இலாபம் வரவில்லை, இன்னொருவருக்கு மானியம் தீர்ந்திருக்கலாம். ஆயின் காணிக்காரர் எழும்பச் சொன்னால் எழும்பவேண்டியவரின் நிலை, காணிக்காரர் நல்லவரா கெட்டவரா என்பதால் மாறுவதில்லை. குத்தகைக் காணியில் மரவள்ளி நடலாம். பலா நடுவதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இங்கே நான் இரு சாராரோடும் மாறுபடுகிறேன். ஒரு சாரார், இதெல்லாம் பணக்கார நாட்டவரின் பொம்மை விளையாட்டு, மூடுண்டு போனதே அதற்குச் சாட்சி என்பர். அவர்கள் ஊர் மூடப்பட்டதைப் பார்க்கிறார்கள். அங்கே பழகிய ஆட்கள் எங்கே போனார்கள் என்று பார்க்கவில்லை. சிலர் 2007இல் வெளிவந்த 'ஓப்பன்சிம்' என்ற திறந்த மென்பொருளைக் கொண்டு தமது சொந்தக் கணனியில் தமக்கென உலகம் அமைத்தனர். அவுஸ்திரேலிய ஜோக்கேடியா குழுவினரும் அவ்வாறு ஒன்றை அமைத்தனர். ஹப்ஸின் மூல நிரலும் திறந்து விடப்பட்டிருந்ததால் தொண்டர்கள் அதை எடுத்து நடத்த முடிந்தது. விதைநெல்லைக் கையில் வைத்திருந்தவர் மறுபடியும் விதைத்தார் என்பது கமக்காரருக்கு விளங்கும். மற்றைச் சாரார் கருவி வியாபாரிகளும் அவர்களை நம்பும் அதிகாரிகளும். அவர்கள் முதலில் கண்ணாடிகளை வாங்குவார்கள், பிறகு ஆட்களைத் தேடுவார்கள். 2003ஆம் ஆண்டுக் கட்டுரையை யாராவது அவர்களுக்கு வாசித்துக் காட்டினால் நல்லது.

இன்னொன்றைச் சொல்லவேண்டும். அது எனக்கு மிகவும் உறுத்திய விடயம். ஆரம்ப காலத்தில் செக்கண்ட் லைஃபில் நுழைபவர் தமது சொந்தப் பெயரை வைக்க முடியாது. முதற்பெயரைத் தாமே தெரிந்து, குடும்பப் பெயரைக் கம்பனி தரும் பட்டியலிலிருந்து எடுக்கவேண்டும். 2010 வரை இதுவே வழக்கம். ஆகவே ஆண்டுக்கணக்காக ஒருவரோடொருவர் பாடம் பற்றிப் பேசி, பாடக்குறிப்புப் பகிர்ந்த இரு ஆசிரியர்கள் ஒருவரின் மெய்ப்பெயரை மற்றவர் அறியாதிருக்க இடமிருந்தது. நண்பர்களின் பட்டியலும் கம்பனியின் கணனியிலேயே இருந்தது. தீவு மறைந்த பின், மற்றவரை எந்த ஊரில், என்ன பெயரில் தேடுவது? வெளியிலும் விலாசம் பரிமாறி வைத்தவர்களுக்கு வலையமைப்பு எஞ்சியது. மற்றவர்களுக்கு நினைவு மட்டும்.

1995 ஒக்டோபர் இறுதியில் ஒரே இரவில் வலிகாமம் வெறுமையானபோது சனத்தோடு சனமாக ஆசிரியர்களும் நடந்தார்கள். மர நிழல்களிலும், பிற பாடசாலைகள் விட்ட பின் அவற்றின் பின்னேரப் பொழுதிலும் வகுப்பு நடத்தினார்கள். கட்டிடமும் தளபாடமும் ஆய்வுகூடமும் இல்லாதபோதும் பாடசாலை இயங்கியது. ஆனால் பக்கத்து வகுப்பில் இருபது வருடம் படிப்பித்த கூட்டாளி எந்த முகாமில், எந்தக் கரையில் என்று தெரியாமற் போனவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு நான் மேலே சொன்ன தீவுக் கதையை விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் எமது சிறிய பாடசாலை ஆசிரியருக்கு என்ன வழி? 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது தொலைபேசியில் வட்ஸ்அப் மூலம் பாடம் அனுப்பிய அனுபவம் எம் எல்லோருக்கும் உண்டு. ஒரு தொலைபேசி, மூன்று பிள்ளைகள், டேற்றா போடக் காசில்லை. அதன் குறைகளை நீங்கள் எனக்குச் சொல்லித்தரலாம். ஆயினும் அந்தக் காலத்தின் பின் ஏறக்குறைய ஆசிரியர் எல்லோரின் கையிலும் குழுக்கள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து பாருங்கள். சுற்றறிக்கை, மரண அறிவித்தல், காலை வணக்கத்துடன் ஒரு ரோசாப்பூ. "எனக்கு இந்தப் பாடம் படிப்பிக்க வரவில்லை, நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?" என்ற கேள்வி அங்கே வருவதில்லை. இருநூறு பேரும் மேலதிகாரியும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் எந்த ஆசிரியர் அதைக் கேட்பார்?

செவ்வாய்க் கோப்பிக்கடையும் 'டப்ட் இன்' வரவேற்பறையும் இங்கேதான் பயன்படும். அயலிலுள்ள ஐந்தாறு பாடசாலைகளின் கணித ஆசிரியர்கள் மட்டும்; பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணிநேரம், மாறாத நேரம். மின்வெட்டு வந்தாலும் தொலைபேசியில் எழுத்து நிற்கும். படமும் குரலும் கட்டாயமில்லை. புதிதாக மாற்றலாகி வந்தவரை வரவேற்க முறை வைத்து ஒருவர். பேசியதை எழுதி வைக்க ஒருவர். அதிகாரிகள் அழைத்தால் மட்டும் வரலாம். இவ்வளவுக்கும் புதுக் கருவி எதுவும் தேவையில்லை, தமிழிலேயே நடத்தலாம். செக்கண்ட் லைஃபில் ஆங்கிலம் பேசிக் கரையேற வேண்டிய சங்கடமும் இல்லை. ஆனால் தவணைக்கு ஒருமுறையாவது அவர்கள் ஏதாவதொரு பாடசாலையில் நேரே கூடி, ஒருவரின் வகுப்பை மற்றவர் பார்க்கவேண்டும். அதற்கு பஸ் காசு வேண்டும். இங்கேதான் பெற்றோராகிய நீங்கள் வருகிறீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மதிலுக்கும் பெயர்ப்பலகைக்கும் நிதி சேர்க்கிறோம். கணித ஆசிரியர் பக்கத்து ஊருக்குப் போய்வரும் செலவை அந்தக் கணக்கில் எழுதச் சொல்லி எவரும் கேட்டதாக நான் அறியேன். கேளுங்கள். கேட்கும்போது ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதுபோலக் கேட்காதீர்கள். "சேர், உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால் ஆரிட்டைக் கேக்கிறனீங்கள்?" என்று கேளுங்கள். அவர் உடனே மறுமொழி சொல்லாவிட்டால், அந்த மௌனம் அவருடைய குறையைவிடத் தனிமையைத்தான் காட்டுகிறது.

வட்ஸ்அப்பும் மற்றொருவரின் காணிதான். ஆகவே ஒரு கொப்பியும் வாங்கவேண்டும், சாதாரண எண்பது பக்கக் கொப்பி போதும். குழுவிலுள்ள ஒவ்வொருவரின் முழுப் பெயர், பாடம், சொந்த ஊர், இப்போது இருக்கும் இடம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை அதில் எழுதி, பிரதி ஒன்றை ஒவ்வொருவரும் வீட்டில் வைத்திருக்கவேண்டும். கடைசியாக இன்னொரு நிரல் போடுங்கள்: இவரைக் காணாவிட்டால் யாரிடம் விசாரிக்கலாம்? அந்த நிரலில் என்ன எழுதுவது என்று இடம்பெயர்ந்தவர் எவருக்கும் ஆசிரியர் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.